மூடி வைத்த கிண்ணம்

எங்கள் தீவின் ஹிலோ பட்டணத்து நீதிமன்றத்தில், பழைய காகிதக் கட்டு ஒன்றில், எங்கள் ஊர் நாஹீனு மூன்று தடவை "இல்லை" என்று சொன்னது பதிவாகி இருக்கிறது. கேள்வி, பதில் எல்லாம் ஆங்கிலத்தில். அவர் பேசியது எங்கள் பாஷையில். நடுவில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நின்றிருக்கிறார். வைஹோனு பள்ளத்தாக்கிலிருந்து போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தக் கட்டைக் கேட்டு வாங்கி, மேசைமேல் விரித்து வைத்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து படித்தேன். என் அப்பா அந்தக் கட்டடத்துக்குள் போனது ஒரே தடவைதான், சுவருக்கு வெள்ளையடிக்க.

முதல் இரண்டு "இல்லை"யும் சொல்லிக் கொடுத்தவை. மூன்றாவதை நாஹீனு தானாகச் சொன்னார், மரியாதைக்காக. அந்த மரியாதைதான் அவரை வயலை விட்டுத் துரத்தியது.

எனக்கு விவரம் தெரிவதற்குள் அவர் காலமாகிவிட்டார். அவர் மனைவி கபேகா, மேட்டில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். அந்தக் காகிதக் கட்டில் இல்லாத மீதி எல்லாம் அவள் சொன்னது. அதைச் சொல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் விடியாது. கேட்க ஆள் இல்லாவிட்டால் கோழிகளுக்குச் சொல்வாள்.

நாஹீனுவுக்கு ஆறு வயதில் ஒரு தங்கை பிறந்தாள். ஹாலியா என்று பெயர் வைத்தார்கள். அதே வாரம் தலைவி கெயனோலானிக்குக் குழந்தை செத்துப் பிறந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் தலைவியின் சொத்து. அவள் அரச குடும்பத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. கடலோரத்தில் இருந்த அவளுடைய வீட்டிலிருந்து ஆள் வந்து பிள்ளையைக் கேட்டது.

பிள்ளையைக் கேட்டால் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். சொந்தத்துக்குள் கொடுப்போம், சிநேகத்துக்குக் கொடுப்போம், தலைவர் கேட்டால் மறுபேச்சு இல்லை. ஆனால் பெற்றவள் யார் என்பதை ஒருநாளும் மறைக்க மாட்டோம். உனக்கு இரண்டு அம்மா என்று சொல்லித்தான் வளர்ப்போம். இந்தத் தடவை மட்டும் தலைவி மறைக்கச் சொன்னாள். வாரிசு பிறந்ததாக அரண்மனைக்குச் சேதி போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்றாள். ஊர் தலையாட்டியது. அன்றிலிருந்து பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் ஒருவருக்கும் தெரியாது.

பிள்ளையைக் கொடுப்பதற்கு முன்னால் நாஹீனுவின் அப்பா ஒரு காரியம் செய்தார். உலர்ந்து விழுந்த தொப்புள்கொடியை எடுத்துப் போய், நான்காவது வயலோரத்துப் பாறை இடுக்கில் வைத்து, மேலே கல்லைச் செருகினார். நாஹீனுவின் கொடியும் அதே இடுக்கில்தான் இருந்தது. கொடியை எலி தின்றுவிட்டால் பிள்ளைக்குத் திருட்டுக் கை வரும் என்பார்கள். அதனால் கல்லை இறுக்கித்தான் செருகினாராம்.

ஹாலியா இளவரசி கவேலியுலா ஆனாள். ஹிலோவில் பெரிய வீடு, பியானோ, வெள்ளைக்கார ஆசிரியை. ஆனாலும் வருஷத்தில் இரண்டு மாதம் தலைவி பள்ளத்தாக்குக்கு வருவாள். வந்திறங்கிய மறுநாளே இளவரசி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றில் நிற்பாள். பன்னிரண்டு வயதில் அவளைப் பெற்றவள் மெதுவாக உண்மையைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்கு அப்பவே தெரியும். என் கால் கட்டைவிரலைப் பாருங்க. அண்ணன் விரல் மாதிரியே கோணலா, அசிங்கமா இருக்கு. ராஜா வீட்டுல யாருக்கு இருக்கு இப்படி?"

வெளியாட்கள் இருந்தால் நாஹீனு தரையில் உட்கார்ந்து "இளவரசி" என்பார். வீட்டுக்குள் வந்துவிட்டால் அவள் ஹாலி.

வீட்டில் ஒரு கிண்ணம் இருந்தது. பூவரசங் கட்டையில் குடைந்தது, தாத்தா காலத்தது. சுரைக்குடுக்கையை அறுத்துச் செய்த மூடி. சேம்பை அவித்து, கல்லால் இடித்து, தண்ணீர் விட்டுக் கரைத்த கூழ் அதில் இருக்கும். எல்லோரும் அதே கிண்ணத்தில் விரலை விட்டுத் தின்பது. சேம்பு எங்களுக்கு வெறும் கிழங்கு இல்லை, அண்ணன். ஆதியில் ஒரு பிள்ளை செத்துப் பிறந்தது. புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்த தம்பிதான் மனுஷன். அண்ணன் சோறு போடுவான், தம்பி அண்ணனைப் பார்த்துக்கொள்வான். அதனால் கூழ்க்கிண்ணம் திறந்திருக்கும்போது அண்ணன் கூடவே உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு. அப்போது சண்டை கூடாது, பேரம் கூடாது, பொய் கூடவே கூடாது. அப்படி ஏதாவது பேசியாக வேண்டுமென்றால் கிண்ணத்தை மூடிவிட்டுப் பேச வேண்டும்.

இதை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நாஹீனுவுக்கு இருபத்தெட்டு வயதானபோது தலைவி இறந்தாள். பெற்றவர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். ஏழு சேம்பு வயலும் நாஹீனு கையில் இருந்தன. எங்கள் ஆட்கள் எத்தனை தலைமுறையாக அதில் பாடுபட்டார்கள் என்று யாரும் எண்ணியதில்லை, பத்திரமும் எழுதிக்கொண்டதில்லை. தலைவியின் நிலத்தில், தலைவிக்குச் சொந்தக்காரர்களாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். காலையில் வெயில் ஏறிய நேரம், இளவரசி ஒற்றைக் குதிரையில் தனியாக வந்தாள். கூட ஆள் இல்லை. வாசலிலேயே குதித்து இறங்கினாள்.

"அண்ணி, பசிக்குது. என்ன இருக்கு?"

"இளவரசிக்கு ஏத்த மாதிரி ஒண்ணும் இல்ல. உப்புமீனு, கடல்பாசி, கூழு."

"அப்ப எனக்கு ஏத்த மாதிரி எல்லாமே இருக்கு. எடுத்து வையி."

தாழம்பாயில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கூழ் கெட்டியாக இருந்தது, ஒரு விரலில் ஏறியது. இளவரசி விரலைச் சுழற்றி எடுக்கும் அழகைப் பார்த்து நாஹீனு கேலி செய்தார்.

"பியானோ வாசிச்ச விரலு, பாரு. தின்னுறப்பவும் தாளம் போடுது."

"உன் விரலைப் பாரு. மம்பட்டிக் காம்பு மாதிரி. ஒரு தடவை விட்டா பாதிக் கிண்ணம் காலி."

சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள், பேச்சோடு பேச்சாக, திரும்பிக்கூடப் பார்க்காமல், விரல் நுனியால் சுரைமூடியை இழுத்துக் கிண்ணத்தின்மேல் வைத்தாள். கபேகா அதைக் கவனித்தாள். நாஹீனுவும் கவனித்தார். ஏதோ காரியம் பேசப் போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, கனோவா கேஸ் போட்டிருக்கான்."

கனோவா தலைவியின் அண்ணன் மகன்.

"எதுக்காம்?"

"நான் அம்மா வயித்துல பொறக்கலையாம். வைஹோனு சேத்துல பொறந்தவளாம்."

"அதுல என்ன பொய் இருக்கு?" என்று நாஹீனு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"வளத்த புள்ளைக்குத் தத்துப் பத்திரம் இல்லேன்னா சொத்து கிடையாதுன்னு சட்டம் சொல்லுது. அம்மா பத்திரம் எழுதல. பெத்த புள்ளைக்கு எவ பத்திரம் எழுதுவா? இப்ப நான் பெத்த புள்ளையாவே இருந்தாகணும். உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க."

"வந்து?"

"நான் உன் தங்கச்சி இல்லேன்னு சொல்லணும்."



"பைபிள்மேல கைய வெச்சா?"

"ஆமா."

கபேகாதான் குறுக்கே வந்தாள். "சரி, கனோவா ஜெயிச்சா என்ன ஆகும்?"

"மொத்தப் பள்ளத்தாக்கையும் கம்பெனிக்காரனுக்குக் கொடுத்துடுவான். முதல்ல உங்களைத்தான் வெளியேத்துவான்."

"நீ ஜெயிச்சா?"

"இந்த ஏழு வயலும் உங்களோடது அண்ணி. அண்ணன் இருக்கிற வரைக்கும், அண்ணன் புள்ளைங்க இருக்கிற வரைக்கும். ஒருத்தன் கால் வைக்க மாட்டான். நான் சொல்றேன். போதாதா?"

"அதையே ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்திடேன். உனக்குத்தான் எழுத்து முத்து முத்தா வருமே."

நாஹீனுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பேச்சு பேசற நீ? தங்கச்சிகிட்ட சீட்டா? என் சாப்பாட்டுல கைய விட்டுத் தின்னுட்டு உக்காந்திருக்கா, அவகிட்ட போய் சீட்டுக் கேக்கற?"

கபேகா வாயை மூடிக்கொண்டாள். இளவரசி அண்ணன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு குதிரை ஏறிப் போய்விட்டாள். கிண்ணத்தில் பாதிக் கூழ் அப்படியே இருந்தது.

ஹிலோவுக்குப் போக இரண்டு நாள் நடை. நாஹீனு கடன் வாங்கிய கோட்டுப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு சாட்சிக்கூண்டில் ஏறினார். கோணல் கட்டைவிரலை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஒரு காலால் இன்னொரு காலை மிதித்துக்கொண்டே நின்றாராம். காகிதக் கட்டில் இது இல்லை, கபேகா சொன்னது. எதிரே நாற்காலியில் இளவரசி கறுப்பு உடுப்பில், கையுறை போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

காகிதக் கட்டில் இருப்பது இது.

இந்த அம்மாள் உங்கள் தாய் வயிற்றில் பிறந்த சகோதரியா? இல்லை.

உங்கள் வீட்டில் பிறந்த பெண் குழந்தை யாரையாவது தலைவிக்குக் கொடுத்தது உண்டா? இல்லை.

இதோடு வக்கீல் உட்கார்ந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். அவர் போகிற போக்கில் ஒன்று கேட்டுவிட்டார்: வேறு ஏதாவது வகையில் சொந்தமா?

ஒன்றுவிட்ட உறவு என்றோ, பெரியப்பா வழி என்றோ எதையாவது சொல்லியிருக்கலாம். எங்கள் ஆட்களில் யாருக்கும் தலைவர் வீட்டோடு ஏதாவது ஒரு இழை இருக்கத்தான் செய்யும். நாஹீனு எங்கள் ஊர் மரியாதைப்படி பதில் சொன்னார். பெரிய இடத்தோடு உறவு உண்டா என்று நாலு பேர் முன்னால் கேட்டால், உண்டு என்பவன் எங்கள் ஊரில் தலைக்கனம் பிடித்தவன். தாழ்ந்து பேசுவதுதான் அழகு. எதிரில் தங்கை உட்கார்ந்திருக்கிறாள், அவளை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைப்போமே என்றும் நினைத்திருப்பார்.

"இல்லைங்க. ஒரு சொந்தமும் இல்ல. நாங்க யாருங்க? அவங்க நிலத்துல, அவங்க இஷ்டப்படி குடியிருக்கிற ஆளுங்க. இருன்னா இருப்போம், போன்னா போவோம்."

எங்கள் பாஷையில் அது பணிவு. ஆங்கிலத்தில் எழுதியபோது அது சட்டமாகிவிட்டது. வார்த்தைக்கு வார்த்தை, முற்றுப்புள்ளி உள்பட இருக்கிறது. நான் படித்தபோது என் விரல் அந்த வரியில் நின்றுவிட்டது.

இளவரசி ஜெயித்தாள். நாஹீனு திரும்பி வந்து சொன்னபோது கபேகா கேட்டாளாம், "மூணு தடவை இல்லேன்னியா? பைபிள்ல வர்ற மாதிரி சேவல் எதுவும் கூவலையா?" நாஹீனு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

முதல் வருஷம் இளவரசி மீன், துணி என்று அனுப்பினாள். வரவில்லை. இரண்டாம் வருஷம் கப்பல் ஏஜெண்ட் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள், வெள்ளைக்காரர். அந்த வருஷம்தான் பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் நெல் பயிரிட ஒரு கம்பெனிக்குக் குத்தகை எழுதினார்கள். நாஹீனுவின் ஏழு வயலும் அதில் அடங்கிவிட்டன.

வக்கீல் கடிதம் ஒன்றைக் குமாஸ்தா கொண்டுவந்தான். எங்கள் ஆள்தான், ஹிலோ பையன், சட்டையெல்லாம் போட்டிருந்தான். திண்டாட்டத்தோடு படித்தான்.

"வர்ற மாசம் முடியறதுக்குள்ள காலி பண்ணணும், மாமா."

"யாரு சொன்னா?"

"இளவரசி கையெழுத்து இருக்கு."

"அவளுக்கு விஷயம் தெரியாதுடா. புருஷன் போட வெச்சிருப்பான். இது எங்க அப்பன் பாட்டன் வயலு. அவ வாக்குக் கொடுத்திருக்கா."

குமாஸ்தா இன்னொரு தாளை எடுத்தான். நாஹீனு கோர்ட்டில் சொன்னதன் நகல்.

"இருன்னா இருப்போம், போன்னா போவோம். இது நீங்க சொன்னதுதானே மாமா?"

"நான் சொன்னதுதான்."

"இப்பப் போன்னு சொல்றாங்க."

நாஹீனு மறுநாளே ஹிலோவுக்கு நடந்தார். இளவரசி வீட்டு வாசலில் போய் நின்றார். எங்கள் தீவில் வாசலில் ஒரு ஆள் போனாலே, முன்பின் தெரியாதவனாக இருந்தாலும், உள்ளேயிருந்து குரல் வரும்: "வாங்க, உள்ள வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க." கஞ்சிக்கு வழி இல்லாத வீட்டிலும் வரும். கூப்பிடாமல் விடுவது முகத்தில் துப்புவதற்குச் சமம். அன்று அந்த வீட்டில் பன்றி சுட்ட வாசம் வந்தது. பியானோ சத்தம் வந்தது. கூப்பிடும் குரல் மட்டும் வரவில்லை.

ஒரு வேலைக்காரி வந்தாள். "இளவரசி தூங்கறாங்க."

"பியானோ வாசிக்கறது யாரு?"

வேலைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "தூங்கறாங்கன்னு சொல்லச் சொன்னாங்க, ஐயா."

நாஹீனு மத்தியானம்வரை வேலிக்கு வெளியே நின்றார். பிறகு திரும்பி நடந்தார். பியானோ அவர் முனை திரும்பும் வரைக்கும் நிற்கவில்லையாம்.

மேட்டில், தண்ணீர் ஏறாத செம்மண்ணில், குடிசை போட்டுக்கொண்டார்கள். சர்க்கரைவள்ளி வரும், மழையை நம்பிக் கொஞ்சம் சேம்பு வரும், பொடிசாக. கம்பெனிக்காரர்கள் வாய்க்காலை அகலப்படுத்த நான்காவது வயலோரத்துப் பாறைக்கு வெடி வைத்தார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் புகை தெரிந்தது. நாஹீனு இறங்கிப் போய்ச் சில்லுகளுக்கு நடுவே தேடிவிட்டு, வெறுங்கையோடு ஏறி வந்தார்.

"உன் கொடி போச்சு," என்றாள் கபேகா. "அவளோடது எப்பவோ போயிருக்கும். உங்கப்பா என்னதான் இறுக்கிச் செருகினாலும் எலி தின்னிருக்கு. அதான் கை நீளம்."

புருஷன் பெண்டாட்டிக்குள் அதற்குப் பிறகு ஒரே ஒரு சண்டைதான், பதினைந்து வருஷம் நடந்தது. கிண்ணத்து மூடி.

"வாக்குக் கொடுக்கறதுக்கு முன்னால எதுக்கு மூடினா? பொய் சொல்லப் போறோம்னு அவளுக்குத் தெரியும். கிண்ணத்துல இருக்கிற அண்ணன் சாட்சி வேண்டாம்னு மூடினா."

"காரியம் பேசறப்ப மூடறது மரியாதைடி. உங்க வீட்டுல மூட மாட்டாங்களா?"

"மூடுவாங்க. ஆனா வாக்குக் கொடுக்கறப்ப திறந்து வெச்சுக் கொடுப்பாங்க."

"அவளுக்கு அது தோணல."

"தோணாமலா விரல் நுனியால, பாக்காமலேயே இழுத்தா?"

மூடியது மரியாதையா, திட்டமா? நாஹீனுவுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. மரியாதை என்றால், வாக்குக் கொடுத்த நேரத்தில் அவள் தங்கையாகத்தான் இருந்தாள், பிறகு யாரோ கெடுத்தார்கள். திட்டம் என்றால், அந்தக் காலையில் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டதும் சேர்த்து எல்லாமே பொய். வயல் போனதைக்கூட அவர் பேச்சில் எடுப்பதில்லை. இதைத்தான் மென்றுகொண்டிருந்தார்.

அதற்குள் ராஜாங்கமே கவிழ்ந்துவிட்டது. கொடி இறங்கி வேறு கொடி ஏறியது. இளவரசி என்ற பட்டத்துக்கு ஒரு உபயோகமும் இல்லாமல் போயிற்று. கப்பல் ஏஜெண்ட் குத்தகையையும் வீட்டையும் தன் பேருக்கு மாற்றி, விற்று, சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு நெஞ்சுநோய் என்றும் சொன்னார்கள்.

ஒரு நாள் நல்ல வெயிலில் நாஹீனு வாசலில் உட்கார்ந்து சேம்பு இடித்துக்கொண்டிருந்தார். கபேகா வேலியோரம் துணி உலர்த்தினாள். மேட்டுச் சரிவில் ஒரு பெண் தனியாக ஏறி வருவது தெரிந்தது. பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

"உன் தங்கச்சி வர்றா," என்றாள் கபேகா.

"எனக்குத் தங்கச்சி இல்ல."

இடிக்கும் சத்தம் நிற்கவில்லை. அவள் வேலியை நெருங்கியதும் நடையை மெதுவாக்கினாள். எங்கள் வழக்கப்படி, கூப்பிட்டால்தான் உள்ளே வர முடியும். கூப்பிடாவிட்டால் அப்படியே நேரே நடந்து போக வேண்டியதுதான். அந்தப் பாதை எங்கேயும் போகாது, மேலே காடுதான். வாசலைத் தாண்ட இன்னும் நாலு அடி இருந்தது. மூன்று. கபேகா கையில் ஈரத்துணியோடு நின்றாள்.

நாஹீனு கல்லைக் கீழே வைத்தார்.

"வாங்க! உள்ள வாங்கம்மா! சாப்பிட்டுட்டுப் போங்க!"

அந்தக் குரலைக் கபேகா அப்படியே கூப்பிட்டுக் காட்டுவாள். வழியில் போகும் முகம் தெரியாத ஆளைக் கூப்பிடும் அதே குரல், அதே இழுப்பு. "வா ஹாலி" இல்லை. "வாங்கம்மா."

வந்தவளுக்கும் புரிந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே."

"வாங்க, வாங்க. வெயில்ல நடந்து வந்திருக்கீங்க. கபேகா, விருந்தாளிக்கு நல்ல பாயை எடுத்துப் போடு."

போட்டாள். அவள் உட்கார்ந்ததும் கபேகா கண் அந்தக் காலுக்குப் போனது. நரைத்துப்போன முடி, கிழிசல் தைத்த கறுப்பு உடுப்பு, வாடிய முகம், எல்லாம் புதுசு. கட்டைவிரல் மட்டும் அதே கோணல். எதிரே நாஹீனுவின் காலிலும் அதே.

பூவரசங் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தார். மூடியைத் திறந்து தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உப்புமீனைப் பிய்த்து இலையில் போட்டார். பிறகு எட்டிப் போய் உட்கார்ந்தார்.

"நீயும் கை வையேன், அண்ணே."

"நீங்க சாப்பிடுங்கம்மா. நாங்க அப்புறம் சாப்பிடுவோம்."

"அண்ணி?"

கபேகா வாயைத் திறந்தாள். அந்த வாய்க்குள் பதினைந்து வருஷத்துப் பேச்சு இருந்தது. நாஹீனு கிண்ணத்தைப் பார்த்தார். திறந்திருந்தது. கபேகா வாயை மூடிக்கொண்டாள்.

வந்தவள் இரண்டு விரலைக் கிண்ணத்தில் விட்டு எடுத்தாள். மேட்டுச் சேம்பு, கூழ் தண்ணியாகத்தான் இருந்தது. ஒரு வாய் விழுங்கிவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நீ ஹிலோவுக்கு வந்தப்ப..."

"கிண்ணம் திறந்திருக்கும்மா," என்றார் நாஹீனு. சண்டைக்காரக் குரல் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஞாபகப்படுத்துவது மாதிரி.

அவள் நிறுத்திக்கொண்டாள். இன்னும் இரண்டு வாய் தின்றாள். மீனைத் தொடவில்லை. பிறகு அவரையே பார்த்தபடி, பேச்சை மறுபடி எடுக்கப் போகிறவள்போல் நிமிர்ந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், விரல் நுனியால் மூடியை இழுக்கக் கையை நீட்டினாள்.

கபேகா பார்த்தாள். நாஹீனுவும் பார்த்தார். அதே கை, அதே விரல்.

மூடியின்மேல் நாஹீனு தன் உள்ளங்கையை வைத்தார்.

"திறந்தே இருக்கட்டும்மா. விருந்தாளி பசியாறாம மூடறது எங்க வழக்கம் இல்ல."

"எனக்குப் பசி ஆறிடுச்சு."

"இன்னும் இருக்கே. சாப்பிடுங்க."

அவள் விரல்கள் அவர் கைக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தன. மூடினால் பேசலாம். அவள் கேட்க வந்ததைக் கேட்கலாம். அவரும் அந்த ஒரே கேள்வியைக் கேட்டுவிடலாம். மூடி இரண்டு கைக்கும் நடுவில் இருந்தது. நாஹீனு கையை எடுக்கவில்லை.

அவள் மறுபடி கிண்ணத்தில் விரலை விட்டாள். அழுதுகொண்டே தின்றாள். நாஹீனு மழையைப் பற்றிப் பேசினார். இந்த வருஷம் சர்க்கரைவள்ளி நன்றாக இருக்கிறது என்றார். பாதையில் கல் பெயர்ந்து கிடக்கிறது, திரும்பும்போது இடது ஓரமாகப் போங்கள் என்றார். கடைசியில் அவள் விரலைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

வேலிக்கு வெளியே போய்த்தான் திரும்பினாள்.

"நான் போனப்புறம் பேர் சொல்லி அழறதுக்கு எனக்கு ஆள் இல்ல, அண்ணே."

எங்கள் ஊரில் செத்தவருக்குச் சொந்தம்தான் அழ வேண்டும். இந்த வயலில் விளையாடினாயே, இந்த வாய்க்காலில் நனைந்தாயே என்று இடம் இடமாகச் சொல்லி அழ வேண்டும். பழகாதவர்களுக்கு அது வராது.

"அரண்மனை ஆளுங்க இருப்பாங்கம்மா," என்றார் நாஹீனு. "பாத்துப் போங்க. வழி சறுக்கும்."

அவள் சரிவில் இறங்கிப் போனாள். தலை மறைந்ததும் கபேகா பாய்ந்தாள்.

"கேட்டிருக்கலாமில்ல? அவளேதான் மூடப் போனாளே. எதுக்கு மூடினேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பதினஞ்சு வருஷத்துக்கும் பதில் வந்திருக்குமே!"

"யாருகிட்ட கேக்கறது?"

"உன் தங்கச்சிகிட்ட!"

"இல்லேன்னு ஹிலோவுல எழுதி வெச்சிருக்கே. அவதான் எழுத வெச்சா." மறுபடி அவரே சொன்னார்: "கேட்டா, மரியாதைக்குத்தான் மூடினேன்னு சொல்லியிருப்பா. நானும் நம்பியிருப்பேன்."

கிண்ணத்தில் கால்வாசி மிச்சம் இருந்தது. நாஹீனு அதைப் பார்க்காமல் எழுந்து, இடிகல்லை எடுத்துக்கொண்டார்.

"அதைக் கோழிக்குப் போட்டுடு."

எங்கள் ஆட்கள் யாரும் சொல்லாத வார்த்தை அது. கூழைக் கீழே கொட்டிய ஒரு வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. கபேகா கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு தாழம்பாயில் உட்கார்ந்தாள். விருந்தாளி உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். விரலை விட்டுச் சுற்றிலும் வழித்தாள்.

"அண்ணனைப் போயி கோழிக்கா போடுவாங்க?" என்று சொல்லிக்கொண்டே, மிச்சம் வைக்காமல் தின்றாள்.